பழ டீயில் பால் ஊற்றினால் ஏன் திரிகிறது? திரியாமல் லாட்டே போட என்ன வழி?

உங்கள் கேள்வி இது: ஜெர்மனியிலிருந்து வந்த உறவினர் பழ வாசனை மூலிகை டீ பைகள் அடங்கிய பெட்டி ஒன்று கொடுத்தார். கஃபேயில் எப்போதோ குடித்த பீச் லாட்டே ஞாபகத்தில், ஸ்ட்ராபெர்ரி பையை வெந்நீரில் ஊறவைத்துக் காய்ச்சிய பாலை ஊற்றினீர்கள். கண்ணெதிரே திரிந்துபோனது. பால்தான் கெட்டிருக்கும் என்று புதுப் பாக்கெட் வாங்கி ராஸ்பெர்ரி பையில் முயன்றீர்கள். அதுவும் திரிந்தது. மூன்றாவது, பீச் வாசனை ரூய்போஸ் (தென்னாப்பிரிக்க மூலிகை டீ). ஒரு பை, ஒரு டம்ளர் வெந்நீர், அரை டம்ளர் பால். திரியவில்லை, ஆனால் “பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி” இருந்தது. பழ டீயில் லாட்டே போடவே முடியாதா என்று கேட்கிறீர்கள்.

போடலாம், நன்றாகவே வரும். முதல் இரண்டு முறை தப்பு உங்களுடையது அல்ல, பாலுடையதும் அல்ல. அந்தப் பைகள் பாலுக்கு ஆகாதவை. மூன்றாவது முறை மட்டும் அளவு உங்கள் காலை வாரிவிட்டது. நான் எட்டு வருடம் ஒரு பால் பண்ணையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். வந்து இறங்குகிற பால் கொதித்தால் நிற்குமா, திரியுமா என்று பார்ப்பதுதான் அங்கே முதல் வேலை. சோதனைக்குழாயில் 5 மில்லி பாலை எடுத்துக் கொதிநீரில் 5 நிமிடம் நிறுத்தி வைப்போம். பொட்டுப் பொட்டாகத் திரள் தெரிந்தால் வண்டியைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். அதனால் திரிதலைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெட்டியைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் படியுங்கள். முன்னால் இருப்பது ஸ்ட்ராபெர்ரி படம். உள்ளே எடைக்கணக்கில் அதிகம் இருப்பது வேறு. ஐரோப்பியப் பழ டீக்களில் பெரும்பாலானவற்றுக்கு அடித்தளம் மூன்றே சாமான்கள்: ஹைபிஸ்கஸ், காய்ந்த ஆப்பிள் துண்டு, ரோஸ்ஹிப் எனப்படும் காட்டு ரோஜாக் காய். அதன் மேல் ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி, செர்ரி என்று எந்த வாசனையைத் தெளிக்கிறார்களோ, அந்தப் பெயரில் பெட்டி விற்கும். நிஜ ஸ்ட்ராபெர்ரி பெயருக்குக் கொஞ்சம் இருந்தாலே பெரிய விஷயம். உங்களுடையது ஜெர்மன் பெட்டி என்பதால் ‘ஹிபிஸ்குஸ்’, ‘ஹாகெபுட்டே’ என்ற சொற்களைத் தேடுங்கள். பின்னது ரோஸ்ஹிப். ‘சிட்ரோனென்ஸாய்ரே’ என்று இருந்தால் அது சிட்ரிக் அமிலம், அதாவது எலுமிச்சை உப்பு. அங்கும் சரி, இங்கும் சரி, எடை அதிகமான சாமானைத்தான் பட்டியலில் முதலில் போட வேண்டும். ஹிபிஸ்குஸ் முதலிலோ இரண்டாவதாகவோ வந்தால், அந்தப் பையையும் சூடான பசும்பாலையும் ஒரே டம்ளரில் சேர்க்காதீர்கள்.

ஹைபிஸ்கஸ் என்றதும் வேலியோரச் செம்பருத்தியை நினைத்துவிட வேண்டாம். அந்தப் பூவில் போடும் டீக்கு இவ்வளவு புளிப்பு கிடையாது. டீ பையில் வருவது ரோசெல். ஆந்திரா பக்கம் கோங்குரா என்று தொக்கு போடுகிறார்களே, நம் ஊரில் புளிச்சகீரை, அந்த வகைச் செடிதான். பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றிச் சிவப்பாக, தடிமனாக வளரும் புல்லி இதழைப் பறித்துக் காயவைக்கிறார்கள். எகிப்திலும் சூடானிலும் அது கர்கடே. செனகலில் பிஸாப். மெக்சிகோவில் ஆக்வா தே ஹமைக்கா. கரீபியத் தீவுகளில் இஞ்சி போட்டுக் கிறிஸ்துமஸுக்குக் குடிக்கும் சாரெல். இந்த ஊர்களிலெல்லாம் இதைத் தண்ணீரும் சர்க்கரையுமாகத்தான் காலங்காலமாகக் குடித்து வருகிறார்கள். பாலோடு சேர்த்துப் பார்த்து, பட்டு, விட்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

சரி, திரிவது எப்படி? பாலில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் கேசீன். அது கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு உருண்டைகளாகப் பாலில் மிதக்கிறது. ஒவ்வொரு உருண்டையும் எதிர்மின் தாங்கியிருப்பதால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே இருக்கும், ஒட்டாது. நல்ல பாலின் பிஎச், அதாவது புளிப்பைக் காட்டும் எண், 6.7 அளவில் இருக்கும். அமிலம் சேரச் சேர அந்த எண் இறங்கும், தள்ளும் விசையும் குறையும். 4.6-க்கு வரும்போது விசை முழுதாகப் போய்விடும். உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரளும். தயிர் உறைவதும் இதே கதைதான், அங்கே கிருமிகள் மெதுவாக அமிலத்தைச் செய்கின்றன. பால் சூடாக இருந்தால் 4.6 வரைக்கும்கூடப் பொறுத்திருக்காது, 5.3, 5.4 அளவிலேயே திரிந்துவிடும். பன்னீருக்குக் கொதிக்கிற பாலில் எலுமிச்சை பிழிகிறோமே, அதற்குக் காரணம் இதுதான். இப்போது எண்களை வைத்துப் பாருங்கள். சாதாரண டீயும் காபியும் 5 அளவில் இருக்கும், பால் கூடியதும் மேலே ஏறிவிடும், அதனால் சிக்கல் இல்லை. ஹைபிஸ்கஸ் டீயோ 3-ஐ ஒட்டி, நன்றாக ஊறினால் அதற்கும் கீழே. எலுமிச்சைச் சாற்றுக்கு அடுத்த வீடு. நீங்கள் இரண்டு முறை செய்தது லாட்டே அல்ல, ராஸ்பெர்ரி வாசனையில் பன்னீர்.

இந்த விஷயம் நம் அடுப்படிக்குப் புதிதல்ல. கொதிக்கிற பாலில் வெல்லத்தைப் போடாதே, இறக்கிவைத்துப் போடு என்று அம்மாக்கள் சொல்வது வெல்லத்தில் இருக்கும் லேசான அமிலத்தால். இஞ்சி டீயில் இஞ்சியைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு அப்புறம் பால் ஊற்றச் சொல்வதற்குக் காரணம் வேறு. பச்சை இஞ்சியில் புரதத்தை அறுக்கும் நொதி ஒன்று உண்டு, கொதித்தால் அது செத்துப்போகும். சீனாவின் குவாங்டொங் பகுதியில் அதே நொதியை வேண்டுமென்றே பயன்படுத்தி, சூடான பாலை இஞ்சிச் சாற்றின் மேல் ஊற்றி, ஜெல்லி மாதிரி உறையவைத்து இனிப்பாகச் சாப்பிடுகிறார்கள். பச்சை அன்னாசி, பப்பாளி, கிவியிலும் இப்படி நொதிகள் உண்டு. ஆனால் டீ பையில் இருக்கும் அன்னாசித் துண்டு காய்ந்தது, கொதிநீரும் பட்டது. அதில் நொதியைப் பற்றிக் கவலை வேண்டாம், புளிப்பை மட்டும் பாருங்கள்.

அதாவது, பாலுக்குப் பகை புளிப்புதான், பழம் அல்ல. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் சுலபம். நல்ல உதாரணம் ஏர்ல் கிரே டீ. அதன் வாசனை பெர்கமாட் என்ற பழத்திலிருந்து வருகிறது, அது எலுமிச்சை, நாரத்தை இனம். ஆனாலும் அதில் பால் ஊற்றினால் திரியாது. கனடாவின் வான்கூவரில் 1990-களில் தொடங்கி உலகம் சுற்றிய ‘லண்டன் ஃபாக்’ என்ற பானமே ஏர்ல் கிரே டிகாஷனும் வெனிலாவும் நுரைத்த பாலும்தான். எப்படித் தாங்குகிறது? டீயில் சேர்ப்பது பெர்கமாட்டின் தோலிலிருந்து எடுத்த எண்ணெயை. சாற்றை அல்ல. வாசனை தோலில், புளிப்பு சாற்றில். ஆரஞ்சுக்கும் எலுமிச்சைக்கும் இதே கணக்குதான்.

ஆகவே பாலுக்கு ஏற்ற பழ டீ என்பது, வாசனை இருந்து புளிப்பு இல்லாதது. இதில் எனக்கு முதலிடம் ரூய்போஸ். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ‘சிவப்புப் புதர்’ என்று பொருள், உச்சரிப்பு ஏறத்தாழ ‘ராய்பாஸ்’. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனுக்கு வடக்கே செடர்பெர்க் மலைப்பக்கம்தான் இதன் சொந்த ஊர். ஷாம்பெய்னுக்கு இருக்கிற மாதிரி இந்தப் பெயருக்கும் 2021-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. ஊசி மாதிரி இலையை நறுக்கி, நசுக்கி, குவித்துவைத்தால் காற்றுப் பட்டுச் சிவந்துவிடும், அப்புறம் வெயிலில் காயவைப்பார்கள். தேயிலைக் குடும்பம் இல்லை, பருப்பு வகைகளின் குடும்பம். கஃபீன் கிடையாது, துவர்ப்பு குறைவு, எவ்வளவு நேரம் ஊறினாலும் கசக்காது. அந்த ஊர்க்காரர்கள் ரொம்ப நாளாகவே இதைப் பால், சர்க்கரை போட்டுத்தான் குடிக்கிறார்கள். அங்கே கஃபேக்களில் ரூய்போஸைப் பொடியாக அரைத்து, காபி எந்திரத்திலேயே டிகாஷன் இறக்கி, ‘ரெட் லாட்டே’, ‘ரெட் கேப்புச்சினோ’ என்று கொடுப்பதும் உண்டு. பால் தாங்குகிற அடித்தளம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ரூய்போஸில் பீச், ஆப்ரிகாட், ஆரஞ்சுத் தோல், கேரமல், வெனிலா, தேங்காய் வாசனைகள் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். சீமைச்சாமந்தி (கமோமில்) இருந்தாலும் நல்லது, அதற்கே லேசான ஆப்பிள் வாசனை உண்டு. பல இனிப்பு வகைகளில் அதிமதுரம் சேர்ப்பார்கள், அதுவும் பாலோடு ஒத்துப்போகும். மாம்பழம், வாழை, அத்தி, பேரீச்சை வாசனைகள் நம் நாக்குக்குப் பாலோடு பழகியவை, மில்க் ஷேக் குடித்து வளர்ந்தவர்கள்தானே. எலுமிச்சை, கிரான்பெர்ரி, மாதுளை, ‘காட்டுப் பழங்கள்’ என்று வருகிறவற்றில் பத்துக்கு ஒன்பது ஹைபிஸ்கஸ் சேர்ந்தது. ஒரே பழத்தின் பெயரில் இரண்டு பெட்டி இருக்கும், ஒன்று ரூய்போஸ் அடித்தளம், இன்னொன்று ஹைபிஸ்கஸ் அடித்தளம். படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

பட்டியல் படிக்க முடியவில்லை, பெட்டி தொலைந்துபோய்ப் பை மட்டும் இருக்கிறது என்றால் கரண்டிச் சோதனை செய்யுங்கள். டிகாஷன் தயாரானதும் இரண்டு ஸ்பூன் எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் விட்டு, இரண்டு ஸ்பூன் சூடான பால் ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டுப் பாருங்கள். கிண்ணத்தைச் சாய்த்தால் ஓரத்தில் மணல் மணலாக ஒட்டுகிறதா? அப்படியானால் அந்தப் பை பாலுக்கு ஆகாது, மீதிப் பாலைக் காப்பாற்றிக்கொண்டீர்கள். அதற்கும் முன்னால் நாக்கு இருக்கிறது. டிகாஷனைத் தனியாகக் குடித்ததும் கண் சுருங்கினால் பாலுக்கு ஆகாது.

லேசாகப் புளிக்கிற, நடுவாந்தர வகைகளுக்கு ஊற்றும் வரிசை முக்கியம். டீயில் பாலை ஊற்றினால் முதலில் விழும் பால் மொத்தப் புளிப்பையும் தனியாகச் சந்திக்கிறது, உடனே திரிகிறது. பாலில் டீயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கினால், எந்த நேரத்திலும் பால் அதிகமாகவும் புளிப்பு குறைவாகவும் இருக்கும். பால் கொதிக்கக் கொதிக்க இருக்கவும் கூடாது. அப்புறம், காலையில் வாங்கி வெளியில் வைத்துவிட்ட பாக்கெட் மாலையில் ஏற்கெனவே கொஞ்சம் புளிப்பேறி இருக்கும். தனியாகக் காய்ச்சும்போது தாங்கும், டீ சேர்ந்ததும் கைவிட்டுவிடும். இந்த வேலைக்குப் புதுப் பால் வேண்டும்.

இனி உங்கள் மூன்றாவது டம்ளருக்கு வருவோம். சாமான் சரி, ருசி மட்டும் சப்பென்று. ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு பை என்பது பால் இல்லாமல் குடிக்கும் அளவு. பெட்டியில் எழுதியிருப்பதும் அதற்காகத்தான். அதன் மேல் அரை டம்ளர் பால் ஊற்றினால் ஏற்கெனவே மெலிந்தது இன்னும் மெலியும். தண்ணீரின் அளவு மட்டுமல்ல, பழ வாசனைப் பொருள்கள் பலவும் கொழுப்பில் கரைகிறவை. பாலில் இருக்கும் கொழுப்பு அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மூக்குக்கு வருவது குறைந்துவிடும். ஃபில்டர் காபி போடுகிற வீட்டில் இதை விளக்க வேண்டியதே இல்லை. நாம் காபித்தூளை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கிப் பால் ஊற்றுவதில்லையே, கெட்டி டிகாஷன் இறக்கித்தானே கலக்கிறோம். இதற்கும் அதே முறைதான்.

ஒரு பெரிய டம்ளருக்கு நான் போடும் அளவு: ரூய்போஸ் பீச் பை இரண்டு, அல்லது உதிரியாக இருந்தால் 5 கிராம். தளதளவென்று கொதிக்கிற தண்ணீர் 120 மில்லி. மூடிவைத்து 8 நிமிடம். மூடுவது கட்டாயம், ஆவியோடு போவது பீச் வாசனைதான். பச்சைத் தேயிலைக்குச் சொல்வது போல “வெந்நீர் கொதிக்கக் கூடாது, மூன்று நிமிடத்துக்கு மேல் ஊறக் கூடாது” என்ற எச்சரிக்கைகளை இங்கே மறந்துவிடுங்கள். இலையும் காய்ந்த பழமும் இறங்க நேரம் வேண்டும், கசக்கிற பொருள் இதில் கிடையாது. கடைசியில் பையை ஸ்பூனால் அழுத்திப் பிழிந்து எடுக்கலாம். இந்த டிகாஷனிலேயே இனிப்பைக் கரைத்துவிடுங்கள். அப்புறம் 130 முதல் 150 மில்லி பால்.

இனிப்பைக் குறைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழ ருசி என்று நாம் உணர்வது வாசனையும் இனிப்பும் புளிப்பும் சேர்ந்தது. இங்கே புளிப்பை நாமே தவிர்த்துவிட்டோம். இனிப்பும் இல்லையென்றால் பீச் வாசனை சோப்பு வாசனை மாதிரி தனியாகத் தொங்கும். ஒன்றரை டீஸ்பூன் சர்க்கரை, சின்னச் சிட்டிகை உப்பு. உப்பைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள், ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள். தேன் தனியாகப் புளிப்புள்ளதுதான், ஆனால் ஒரு ஸ்பூன் ஒன்றும் செய்யாது. நாட்டுச்சர்க்கரை நன்றாக இருக்கும், ஆனால் அதன் வாசனை பீச்சை மூடிவிடும். கேரமல், பேரீச்சை வகைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை ஆகாதவர்கள் அதிமதுரம் சேர்ந்த பையை வாங்கலாம். ஆனால் அதைத் தினமும் அதிகம் குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும், அழுத்தக்காரர்களுக்கு வேண்டாம்.

பாலில் பச்சை பாக்கெட், அதாவது 4.5 சதவீதக் கொழுப்பு உள்ளது, எனக்குப் பிடித்தது. நீலத்தில் 3 சதவீதம், நுரை நன்றாக நிற்கும், ஆனால் குடிக்கும்போது மெலிவு தெரியும். ஆரஞ்சில் 6 சதவீதம், பாயசம் மாதிரி கனத்து வாசனையை அமுக்கிவிடும். பாலைக் காய்ச்சி, ஆடையை எடுத்துவிட்டு, 60 முதல் 65 டிகிரிக்கு ஆறவிடுங்கள். வெப்பமானி தேவையில்லை. பாத்திரத்தின் வெளிப்பக்கம் உள்ளங்கையை ஓரிரு விநாடிதான் வைக்க முடிகிறது என்றால் சரியான சூடு. நுரைக்குக் கையடக்க மத்து விற்கிறார்கள். மூடி உள்ள கண்ணாடி ஜாடியில் பாதிக்குக் கீழே ஊற்றி, துணியால் பிடித்துக் குலுக்கினாலும் வரும். சூடான பால் ஆவியைக் கிளப்பும் என்பதால் மூடியை ஜாக்கிரதையாகத் திறங்கள். ஆனால் டபராவும் டம்ளரும் இருக்கிற வீட்டில் இதெல்லாம் எதற்கு? ஒரு முழ உயரத்திலிருந்து நாலைந்து ஆற்று ஆற்றினால் போதும். கஃபே நுரை மாதிரி வழுவழுப்பாக இருக்காது, குமிழ் பெரிதாக இருக்கும், ருசியில் வித்தியாசம் இல்லை. லாட்டே என்ற இத்தாலியச் சொல்லுக்கே பால் என்றுதான் பொருள், நுரைக்கோலம் பின்னால் வந்தது.

பையைப் பாலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் டிகாஷன் வேலை மிச்சம்தானே என்று பலர் நினைக்கிறார்கள். காகிதப் பை கொதியில் கிழியும், வாசனை ஆவியில் போகும், பாலில் சாறு தண்ணீரில் இறங்குகிற அளவுக்கு இறங்காது. உதிரி ரூய்போஸ் மட்டும் விதிவிலக்கு. நம் டீ மாதிரி கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவிட்டுப் பால் சேர்த்து இறக்கலாம். ஆனால் குளிர்ந்த முறை ஒன்று உண்டு, அது அருமை. காய்ச்சி ஆறிய பால் 250 மில்லியில் புளிப்பில்லாத பை மூன்றைப் போட்டு, மூடி, ஃபிரிட்ஜில் ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் பையைப் பிழிந்து எடுத்தால், தண்ணீர் ஒரு சொட்டும் சேராத, மொழுமொழுவென்ற பழப்பால். வெனிலா, தேங்காய், வாழை வாசனைகளுக்கு இதுதான் சரியான வழி.

பெட்டி டீயை நம்பாமல் நீங்களே கலந்துகொள்ளவும் முடியும், எனக்கு அதில்தான் ஆசை அதிகம். சாதா ரூய்போஸ் இரண்டு டீஸ்பூன், கமலா ஆரஞ்சின் மேல்தோல் விரல் நீளத்தில் ஒன்று, வெள்ளைச் சதை ஒட்டாமல், ஏனென்றால் கசப்பு அதில்தான். கூடவே பொடியாக நறுக்கிய காய்ந்த அத்தி ஒன்று, பட்டை சின்னத் துண்டு. தண்ணீரில் 5 நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு வடிகட்டிப் பால் சேர்த்தால் ஏர்ல் கிரேயின் தந்திரம்தான், ஆனால் கஃபீன் இல்லாமல், ராத்திரி பத்து மணிக்குக் குடிக்கிற மாதிரி. உலர்ந்த ஆப்ரிகாட் சேர்க்கலாமா என்றால், ஒன்று சேர்க்கலாம். நாலு போட்டால் புளிக்கும், மறுபடி பன்னீர்.

நீல நிறத்தில் லாட்டே வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் காய்ந்த சங்குப்பூவைப் போடலாம். பால் புளிப்பில்லாதது என்பதால் நீலம் அப்படியே நிற்கும். ருசியில் அது எதையும் தராது, படத்துக்கு மட்டும்.

அப்படியானால் ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி பைகள் குப்பைக்கா? இல்லை. பாலை மாற்றலாம், அல்லது பாலும் டீயும் சந்திக்கிற முறையை மாற்றலாம்.

பாலை மாற்றுவதென்றால், ஓட்ஸ் பால். அதில் கேசீன் இல்லை, மொத்தப் புரதமே குறைவு. ‘பாரிஸ்டா’ என்று எழுதி விற்கும் வகைகளில் பெரும்பாலும் புளிப்பைச் சமாளிக்கும் பாஸ்பேட் உப்பு ஒன்றும் சேர்த்திருப்பார்கள், ஹைபிஸ்கஸுக்கு அதுதான் கொஞ்சமாவது தாங்கும். வீட்டில் அரைத்த ஓட்ஸ் பாலைச் சூடாக்கினால் கஞ்சிப் பசை ஆகிவிடும், குளிர் பானத்துக்கு மட்டும் சரி. சோயா பாலைத் தொடவே வேண்டாம், அது காபியிலேயே சில சமயம் திரியும். பாதாம் பாலும் நம்பகமில்லை. தேங்காய்ப்பால் விஷயத்தில் நமக்கு ஏற்கெனவே பாடம் இருக்கிறது: சொதி. யாழ்ப்பாணமானாலும் திருநெல்வேலியானாலும் சொதியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் எலுமிச்சை அல்லது தேசிக்காய் பிழிவார்கள். தேங்காய்ப்பால் புளிப்பைத் தாங்கும், கொதியையும் புளிப்பையும் சேர்த்து வைத்தால் தாங்காது. அதையே இங்கே செய்யுங்கள். ஸ்ட்ராபெர்ரி பை இரண்டை 120 மில்லியில் 5 நிமிடம் மட்டும் ஊறவைத்து, சர்க்கரை கரைத்து, குடிக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, சூடுபடுத்தாத தலைப்பால் 80 மில்லியில் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். சிவப்பு ஊதா கலந்த ரோஸ் நிறமாகும். கொஞ்ச நேரம் வைத்தால் பிரியலாம், கலக்கிவிட்டுக் குடித்தால் போச்சு.

சந்திப்பை மாற்றுவதென்றால், தைவான்காரர்கள் செய்ததைப் பாருங்கள். 2010 வாக்கில் அங்கே தொடங்கி, பிறகு சீனாவெங்கும் வரிசையில் நின்று வாங்குகிற அளவுக்குப் பரவியது ‘சீஸ் டீ’. குளிர்ந்த டீக்கு மேல், பழ டீக்கும்கூட, உப்பும் இனிப்புமான கிரீமை ஒரு விரல் கனத்துக்கு மிதக்கவிடுவார்கள். கலக்குவதில்லை. டம்ளரைச் சாய்த்துக் குடிக்கும்போது வாயில்தான் இரண்டும் சேரும். வீட்டில் செய்ய, அடிக்கிற கிரீம் 60 மில்லி, பால் 20 மில்லி, சர்க்கரை ஒரு ஸ்பூன், உப்புச் சிட்டிகை சேர்த்துத் தோசை மாவுப் பதத்துக்கு அடித்தால் போதும், சிகரம் நிற்கிற வரைக்கும் அடிக்க வேண்டாம். கிரீமில் கொழுப்பு அதிகம், புரதம் குறைவு, அதனால் எல்லையில்கூடப் பெரிதாகத் திரியாது. புளிப்பான சிவப்பு டீயும் உப்புக் கிரீமும் சேர்கிற ருசிக்கு, உண்மையைச் சொன்னால், நான் மேலே சொன்ன ரூய்போஸ் லாட்டேயை ஓரமாக வைத்துவிடுவேன்.

பசும்பாலேதான் வேண்டும் என்றால் ஐஸ். கேசீன் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது புளிப்புப் பட்டாலும் சட்டென்று கட்டிபோடாது. நாலு பையை 150 மில்லி கொதிநீரில் 10 நிமிடம் ஊறவைத்து, மூன்று ஸ்பூன் சர்க்கரை சேர்த்து, நன்றாகக் குளிரவையுங்கள். டம்ளரில் மூன்றில் ஒரு பங்கு இது, மேலே நிறைய ஐஸ், அதன் மேல் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை ஸ்பூனின் முதுகில் மெல்ல ஊற்றினால், சர்க்கரைக் கனத்தால் சிவப்பு கீழேயும் பால் மேலேயும் நிற்கும். கலக்கினால் மோர் மாதிரி லேசாகக் கெட்டியாகும், லஸ்ஸிச் சாயல் வரும். உடனே குடிக்க வேண்டும், அரை மணி நேரம் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தால் கீழே கசடு தங்கும். தங்கினாலும் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, நல்ல பால் புளிப்பால் திரிவது கெட்டுப்போவது ஆகாது.

சமையல் சோடா போட்டால் திரியாது என்று சொல்கிறவர்கள் உண்டு. பொய் இல்லை, புளிப்பை அது கொன்றுவிடும். காஷ்மீரின் உப்பு டீயான நூன் சாயில் சோடா போட்டுத்தான் அந்த ரோஸ் நிறத்தை வரவைக்கிறார்கள். ஆனால் ஹைபிஸ்கஸின் சிவப்பு சோடா பட்டதும் ஊதாவாகி, கொஞ்சம் கூடினால் சாம்பல் பச்சைக்குப் போய்விடும். புளிப்புப் போனதும் ஸ்ட்ராபெர்ரி ருசியும் போய்விடும், மிஞ்சுவது உப்புக்கரிப்பு. நான் செய்து பார்த்தேன், நீங்கள் செய்ய வேண்டாம்.

இன்னொன்று: ஹைபிஸ்கஸ் டீ ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும் தன்மை உடையது. அதற்கு மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் தினமும் குடிக்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

கஃபேயில் குடித்த பீச் லாட்டே ஏன் அவ்வளவு தூக்கலாக இருந்தது என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் அதில் இருப்பது பீச் சிரப், டீ பை அல்ல. வீட்டில் அந்த அளவுக்கு வாசனை வராது, அதை எதிர்பார்த்து மூன்று பை, நாலு பை என்று ஏற்றாதீர்கள். இப்போதைக்கு மீதமிருக்கும் பீச் ரூய்போஸ் பைகளில் இரண்டை எடுத்து 120 மில்லி கணக்கில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஸ்ட்ராபெர்ரியையும் ராஸ்பெர்ரியையும் கெட்டியாக இறக்கி, சர்க்கரை போட்டு, பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டால் மூன்று நாலு நாள் வரும். வெயில் நேரத்தில் சோடா ஊற்றிக் குடிக்க நன்னாரி சர்பத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம்.